மரமா, வலையா: நெடுஞ்சாலைகளின் வரவு செலவுக் கணக்கு

2024 டிசம்பர் 2 காலை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்குச் சுமார் 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்துகொண்டிருந்தது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூர் பக்கத்தில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்திலும் தண்ணீர் அபாய அளவுக்கு ஏறியதால் ரயில்களும் நின்றுபோயின. சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு பிரதான வழிகளும் ஒரே மாவட்டத்தில், ஒரே காலையில் அடைபட்டன.

சாலை வலைப்பின்னல் என்று சொல்கிறோம். ஆனால் சென்னையிலிருந்து தெற்கே போகும் சாலைகளை வரைபடத்தில் பார்த்தால் வலை தெரியாது, மரம்தான் தெரியும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம் வரை ஒரே அடிமரம். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் கிளை பிரிகிறது. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் கிளை. உளுந்தூர்பேட்டையில் சேலம் கிளை. மிச்சம் திருச்சிக்குப் போய் அங்கே மறுபடி கிளைக்கிறது. வலையில் ஒரு இழை அறுந்தால் மற்ற இழைகள் தாங்கும். அடிமரத்தில் வெட்டு விழுந்தால் எல்லாக் கிளையும் வாடும். தீபாவளிக்கு முந்தைய இரவு பரனூர் சுங்கச்சாவடியில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் இன்னொரு பெரிய சாலை போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? 2018இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டு வழிச்சாலையை ஆதரித்தவர்களில் பலர் இப்படித்தான் நினைத்தார்கள். அந்த எண்ணத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் ஒரு சாலையின் பலனை எதோடு ஒப்பிடுகிறோம், யார் பையிலிருந்து செலவு போகிறது, யார் பைக்கு வரவு வருகிறது என்ற கேள்விகளைக் கேட்காமல் அந்தக் கணக்கை முடிக்க முடியாது. நம் ஊர் நெடுஞ்சாலை விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கேள்விகள்தான் என்பது என் கருத்து.

கணக்கு போடும் முறை

ஒரு நெடுஞ்சாலைக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது செலவு ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம் எழுதுவார்கள். செலவில் நிலம், மண் வேலை, பாலங்கள், தார் அல்லது கான்கிரீட், பிறகு ஆண்டுதோறும் பராமரிப்பு. பலனில் முக்கியமாக மூன்று இருக்கும்: வண்டி ஓட்டும் செலவில் மிச்சம், பயண நேரத்தில் மிச்சம், விபத்துகளில் குறைவு. இதற்குச் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் கையேடு இருக்கிறது. எல்லாவற்றையும் ரூபாயாக்கி, எதிர்காலத்தில் வரும் பலனை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். இந்தியாவில் வழக்கமாக 12 சதவீதத்தைத் தாண்டினால் திட்டம் தேறும்.

இந்த 12 சதவீதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இருபது வருடம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இந்தக் கணக்கில் இன்றைய மதிப்பு 10 ரூபாய் சொச்சம். முப்பது வருடம் கழித்து வருவதற்கு 3 ரூபாய் 30 காசு. அதாவது முதல் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நடப்பதுதான் கணக்கில் கனக்கிறது. ஒரு ஏரிக்கு வரத்து நின்று முப்பது வருடத்தில் ஒரு ஊரின் கிணறுகள் வற்றினால், அந்த இழப்பு தாளில் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஐம்பது வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளத்தில் மாற்றுவழியாக நின்று உதவும் சாலையின் பலனுக்கும் இதே கதிதான். அரசூர் போன்ற ஒரு காலைக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

நேரத்துக்கு விலை போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பயணியின் சம்பாத்தியத்தை வைத்துத்தான் மணிக்கு இத்தனை ரூபாய் என்று போடுகிறார்கள். காரில் போகிறவரின் ஒரு மணி நேரம், டவுன் பஸ்ஸில் நிற்பவரின் ஒரு மணி நேரத்தைவிட மதிப்பு கூடியதாகிறது. வசதியானவர்கள் அதிகம் ஓடும் தடத்துக்கு இதனாலேயே பலன் ஏறும். தலைநகரையும் பெரிய நகரையும் நேராக இணைக்கும் சாலை ஜெயிக்கும். மாவட்டத் தலைநகரம் ஒன்றையும் பக்கத்துச் சந்தை ஊரையும் இணைக்கும் குறுக்குச்சாலை தோற்கும்.

சேலம் சாலை

எட்டு வழிச்சாலையின் விவரம் பலருக்கு நினைவிருக்கும். மத்திய அரசின் நெடுஞ்சாலைத் திட்டமான பாரத்மாலாவின் கீழ் சுமார் 277 கி.மீ. நீளம், சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று அப்போதைய ஐந்து மாவட்டங்கள் வழியாக வயல்களுக்கும் காட்டுக்கும் நடுவில் புதிதாக வெட்டப்படும் சாலை. பாரத்மாலா முதல் கட்டப் பட்டியலில் ஆரம்பத்தில் இருந்தது சென்னை–மதுரை தடம். அதன் இடத்தில்தான் சென்னை–சேலம் வந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தும் அறிவிக்கை செல்லும் என்றது. ஆனால் அதை வைத்து அவசரமாக வருவாய்த்துறைப் பதிவேடுகளில் பெயர் மாற்றியதை ரத்து செய்தது.

நீதிமன்றம் பார்த்தது சட்டத்தை. நாம் கணக்கைப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து சேலம் போக ஏற்கெனவே இரண்டு வழி உண்டு. ஒன்று வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழி. இன்னொன்று திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழி. புதுச்சாலையால் சுமார் 60 கி.மீ. குறையும், நேரம் பாதிக்கும் கீழே வரும் என்றார்கள். சரக்கு லாரிக்கு 60 கி.மீ. குறைவது சின்ன விஷயம் கிடையாது. லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும் வண்டி என்று வைத்தால் ஒரு நடைக்கு 15 லிட்டர் டீசல் மிச்சம். நடுவில் மாடு, சைக்கிள், டிராக்டர் குறுக்கே வராமல் ஒரே வேகத்தில் ஓட்டலாம். இந்தப் பலன் எல்லாம் உண்மையான பலன்.

ஆனால் இந்தப் பலன் எதோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது? அன்றைக்கு இருந்த நிலையில் அந்த இரண்டு சாலைகளோடு. உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் போய் வந்தவர்களுக்கு அந்த நிலை தெரியும். 136 கி.மீ. நான்கு வழிச்சாலை, சுங்கமும் உண்டு. ஆனால் ஊர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ்களை மட்டும் நீண்ட காலம் இருவழியாகவே விட்டிருந்தார்கள். எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று ஒவ்வொரு ஊராக இதே கதை. ராத்திரி 90 கி.மீ. வேகத்தில் வரும் கார், நடுவில் தடுப்பு இருக்கும் தைரியத்தில் வந்துகொண்டிருக்கும். திடீரென்று தடுப்பு முடிந்து சாலை பாதியாகச் சுருங்கும். முன்னே ஒரு கரும்பு டிராக்டர், எதிரே ஒரு லாரியின் ஹெட்லைட். அந்த பைபாஸ்கள் எத்தனை உயிர்களை வாங்கியிருக்கின்றன என்று அந்தந்த ஊர்க்காரர்கள் விரல் விட்டுச் சொல்வார்கள். வெகு காலத்துக்குப் பிறகுதான் அவற்றை அகலப்படுத்தும் வேலை தொடங்கியது.

இங்கேதான் கணக்கின் முடிச்சு இருக்கிறது. அந்த பைபாஸ்களை முதலிலேயே நான்கு வழியாக்கியிருந்தால், பழைய சாலையின் பயண நேரம் அப்போதே குறைந்திருக்கும், விபத்தும் குறைந்திருக்கும். பிறகு புதுச்சாலையை எடைபோட்டால் அதன் பலன் அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஒரு சாலையின் மதிப்பு அதற்குள் மட்டும் இல்லை. பக்கத்தில் இருக்கும் சாலை எப்படி இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. ‘ஒன்றும் செய்யாமல் விட்டால்’ என்பதோடு ஒப்பிட்டால் எந்தப் பெரிய திட்டமும் அழகாகத் தெரியும். ‘அடுத்த நல்ல வழியைச் செய்தால்’ என்பதோடு ஒப்பிட்டால்தான் அதன் உண்மையான எடை தெரியும்.

அகலப்படுத்துவதிலும் செலவு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஊருக்குள் கடைகளும் வீடுகளும் போகும். வேலை முடியும் வரை வருடக்கணக்கில் தூசியும் மாற்றுப்பாதையும். புதுச்சாலையில் இருக்கும் ஒரே சீரான வேகம் அகலப்படுத்திய சாலையில் எப்போதும் வராது. இதையெல்லாம் சேர்த்துத்தான் இரண்டையும் தராசில் வைக்க வேண்டும்.

குறுக்கே கடப்பவர்கள்

இனி, யார் பையிலிருந்து போகிறது என்பதைப் பார்ப்போம். இங்கே நான் சொல்லும் எண்கள் உதாரணத்துக்குத்தான். எந்த அளவிலான இழப்பு என்று புரிந்தால் போதும்.

ஒரு நாளைக்கு 20,000 வண்டிகள் போகும் சாலை என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு மூன்று பேர். எல்லோருக்கும் ஒரு நிமிடம் மிச்சமானால் ஒரு நாளைக்கு 60,000 நிமிடம், அதாவது 1,000 மணி நேரம். இப்போது அந்தச் சாலை வழியில் ஒரு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. 3,000 பேர் வயலுக்கோ பள்ளிக்கோ போய்வர நாளுக்கு இரண்டு முறை கடக்கிறார்கள். முன்பு நேராகக் கடந்தவர்கள் இப்போது சுரங்கப்பாதை வரை சுற்றிப்போக ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கூடுதல். அதுவும் 60,000 நிமிடம், அதே 1,000 மணி நேரம். ஒரே ஒரு ஊரின் இழப்பு, அந்த நெடுஞ்சாலை முழுக்கப் போகிற எல்லோருடைய ஒரு நிமிட லாபத்தைத் தின்றுவிடுகிறது. நீண்ட சாலையில் இப்படி 50 ஊர் இருந்தால் 50 நிமிடம். மிச்சம் இரண்டு மணி நேரம் என்றால் பாக்கி 70 நிமிடம் லாபம்தான். ஆகவே திட்டம் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் தாளில் எழுதியதில் கிட்டத்தட்டப் பாதி, சாலையில் ஏறாதவர்களிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது.

நான்கு வழிச்சாலை ஓரத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் இது கண்ணில் படும். பால் கேன் கட்டிய டிவிஎஸ் 50 ஒன்று, வரும் வண்டிகளுக்கு எதிராக ஓரத்திலேயே ராங் சைடில் வரும். ஓட்டி வருபவருக்கு விதி தெரியாமல் இல்லை. பால் சொசைட்டி எதிர்ப்பக்கம் 200 மீட்டரில் இருக்கிறது. மீடியனில் திரும்பும் இடைவெளி இரண்டு கி.மீ. தள்ளி இருக்கிறது. சரியாகப் போனால் போக வர எட்டு கி.மீ. தினமும் அந்த பெட்ரோலைப் போட அவரால் முடியாது. அணுகுசாலையும் சுரங்கப்பாதையும் தொடர்ச்சியாக இருந்திருந்தால் இந்த ஆபத்தே இல்லை. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அவைதான். 2022இல் நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம். சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 36 சதவீதம் பேர் இறந்தது அவற்றில். வண்டிகள் அங்கே அதிகம் என்பது ஒரு காரணம். வேகமும் ஊரும் ஒரே தார் மேல் மோதுவது இன்னொரு காரணம்.

நிலத்துக்கு இழப்பீடு உண்டே என்று கேட்கலாம். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் கணக்கை 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருத்திய பிறகு தொகை முன்பைவிட நன்றாகவே உயர்ந்தது. ஆனால் இழப்பு நிலத்தோடு முடிவதில்லை. ஐந்து ஏக்கர்காரரின் நடுவில் சாலை போனால், கிணறு ஒரு பக்கம், மூன்று ஏக்கர் மறுபக்கம் என்று ஆகும். கிணறே சாலைக்குள் போய்விட்டால் அதற்குப் பணம் கிடைக்கும். ஆனால் அதோடு இருந்த இலவச விவசாய மின் இணைப்பும் சிக்கலாகும். புதிதாக ஒன்று வாங்க வருடக்கணக்கில் வரிசையில் நின்றவர்களை ஊர்தோறும் பார்க்கலாம். மீதி மூன்று ஏக்கர் பட்டாவில் அவருடையதுதான், தண்ணீர் மட்டும் இல்லை.

தண்ணீர் என்றதும் ஏரிகளையும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பகுதியில் ஏரிகள் தனித்தனியாக இல்லை, சங்கிலி. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்கு வாய்க்காலில் போகும். யாரும் குறுக்கே வராத அதிவேகச் சாலை தரையில் போட முடியாது. பல இடங்களில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கித்தான் போடுவார்கள். அப்படிப்பட்ட மேடு கிராமத்துப் பார்வையில் ஒரு கரை. எங்கே சிறுபாலம் வைக்கிறோம், எத்தனை அகலம் வைக்கிறோம் என்பதில் தப்பு நடந்தால், மழைக்காலத்தில் ஒரு பக்கம் பயிர் மூழ்கும், மறுபக்கம் ஏரி காயும். கொட்டுகிற மண்ணும் எங்கிருந்தோ தோண்டி எடுத்ததுதான்.

கோடு எங்கே போகிறதோ

சாலை போட்டால் தொழில் வரும் என்பது பொதுவான நம்பிக்கை. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைத்த 5,846 கி.மீ. தங்க நாற்கர நெடுஞ்சாலையை வைத்து நடந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை ஓரளவுக்கு உறுதி செய்கின்றன. உலக வங்கியோடு சேர்ந்து கனி, கோஸ்வாமி, கெர் மூவரும் செய்த ஆய்வில், சாலையிலிருந்து 10 கி.மீ.க்குள் இருந்த மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் நன்றாக வளர்ந்தது. 10 முதல் 50 கி.மீ. தள்ளி இருந்தவற்றில் அந்த அளவு மாற்றம் இல்லை. சாலை பலன் தந்தது, ஆனால் கோட்டின் ஓரத்தில்தான் தந்தது. (ஶ்ரீபெரும்புதூரையும் ஓசூரையும் பார்த்து ‘எல்லாம் நாற்கரத்தால்’ என்பது சரியல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் வந்தது நாற்கரத்துக்கு முன்பே. ஓசூர் சிப்காட் இன்னும் பழையது.)

சீனா வேறு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. நெடுக்கே ஐந்து, குறுக்கே ஏழு என்று சுமார் 35,000 கி.மீ. கட்டத்தை 1992இல் வகுத்து 2007க்குள் கட்டி முடித்தது. இந்தியாவும் அதே முறையில் நடுத்தர நகரங்களை எல்லாம் இணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சைமன் ஆல்டர் என்ற பொருளியலாளர் கணித்துப் பார்த்தார். பலன் நாற்கரத்தைவிட அதிகமான பகுதிகளுக்குப் போயிருக்கும் என்று வந்தது. ஆனால் சீனாவிலேயே இன்னொரு பாடமும் கிடைத்தது. பெருநகரங்களை இணைக்கப் போட்ட சாலை வழியில் தற்செயலாக இணைந்த சின்ன மாவட்டங்களில் தொழில் வளர்ச்சி, இணையாதவற்றைவிடக் குறைந்தது என்று பென்ஜமின் ஃபாபர் காட்டினார். சாலை இரண்டு பக்கமும் ஓடும். நகரத்துச் சரக்கு சுலபமாக வந்து உள்ளூர்ப் பட்டறையை மூடவும் வைக்கும். குழாய் போட்டு உறிஞ்சுவதைப் போல என்று ஜப்பானில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

வட்டச்சாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கி.மீ.; துறைமுக லாரிகளை நகரத்துக்குள் விடாமல் திருப்பியதில் பெரிய உதவி. ஆனால் வட்டம் போட்ட மறு வருடமே அதன் ஓரம் மனைப் பிரிவுகள் முளைக்கின்றன, வட்டம் ஊருக்குள் வந்துவிடுகிறது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை சுமார் 133 கி.மீ.க்கு அடுத்த வட்டம் வருகிறது. நில உபயோகத்தைக் கட்டுப்படுத்தாமல் போடும் எந்த வட்டத்துக்கும் கணக்கில் எழுதிய ஆயுள் கிடைக்காது.

இதையெல்லாம் வைத்து என்னிடம் கேட்டால், தமிழ்நாட்டுக்கு இன்றைக்கு அதிகப் பலன் தரக்கூடியவை குறுக்கு இழைகள்தான். கிருஷ்ணகிரி–திருவண்ணாமலை–திண்டிவனம் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கையும் கடற்கரையையும் கட்டுகிற சாலை, வெறும் இருவழியாக மேம்படுத்தும் வேலையே பாதியில் நின்று வருடக்கணக்கில் இழுத்தது. விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் நான்கு வழியை மூன்று துண்டாகப் பிரித்துத் தொடங்கினார்கள், அதுவும் இழுத்தது. கரூர்–கோவை அகலப்படுத்தல் எத்தனை வருடப் பேச்சு. இவற்றில் எதுவும் தனியாக எடைபோட்டால் சென்னை–சேலம் அளவுக்கு மினுங்காது, ஏனென்றால் ஒவ்வொன்றின் பலனும் மற்றதைப் பொறுத்தது. மூன்றும் நான்கும் சேர்ந்து முடியும்போதுதான் மரம் வலையாகும். தனித்தனியாக அறிக்கை எழுதும் முறையில் அந்தக் கூட்டுப்பலன் எந்தத் தாளிலும் வராது.

இழையைச் சேர்க்கும்போதும் எல்லா இழையும் உதவும் என்று நினைக்கக் கூடாது. புதிதாக ஒரு இணைப்பைச் சேர்ப்பதால் எல்லோருடைய பயண நேரமும் கூடவும் செய்யலாம் என்று 1968இலேயே ஜெர்மன் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிரேஸ் காட்டியிருக்கிறார். ஒவ்வொருவரும் தனக்குக் குறுக்குவழி என்று ஒரே பாலத்தில் போய் விழுவதால் வரும் வினை. எனவே முழு வரைபடத்தையும் வைத்து ஓட்டிப் பார்க்காமல் ஒரு கோட்டை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

நிலம் எடுப்பதற்கு முன் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான்கு தாள்களை மேஜை மேல் வைக்கச் சொல்ல வேண்டும். பழைய சாலையைச் சரி செய்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒன்று. புதுச்சாலையால் அதற்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று ஒன்று. குறுக்கே கடக்கிற ஊர்களின் பெயரும், ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை நிமிடம் கூடுகிறது என்பதும் ஒன்று. அரசூரில் தண்ணீர் ஏறினால் சேலம் வண்டியும் திருச்சி வண்டியும் எந்த வழியாகப் போகும் என்று கடைசியாக ஒன்று.